நாலு கிலோ

கம்பம்மெட்டு ஒன்பதாவது வளைவில்
ஜீப்பு சாய்ந்தபோது பதினாறு பேர் இருந்தோம்.
பதினைந்து பேரும் என் மணிக்கட்டின் மேல்தான் விழுந்தார்கள்
என்று நான் சொல்வேன்.
சன்னாசியண்ணன் ஒத்துக்கொள்வதில்லை.
வண்டி ஓட்டியவர் வேறெப்படிச் சொல்வார்.

ஏழு வாரம் கழித்து மாவுக்கட்டை அறுத்தார்கள்.
உள்ளே இருந்தது என் கைதான்,
யாரோ இரவல் வாங்கிப்போய்
துவைக்காமல் திருப்பித் தந்த மாதிரி.

கட்டப்பனை ஆஸ்பத்திரியில் ஷைனி சிஸ்டர்
முள் வைத்த கைப்பிடி ஒன்றை நீட்டினாள்.
முறுக்கெப் பிடிச்சோ சேச்சி, கொறச்சுங்கூடி.
பல்லைக் கடித்தேன், கண்ணை மூடினேன்,
கால் பெருவிரல்கூட மடங்கியது.
முள் போய் நின்ற இடம் நாலு கிலோ.
நாலு, மலையாளத்திலும் நாலுதான்.
புரியவில்லை என்று தப்பிக்க வழியில்லை.

பொழுதுக்குள் பன்னிரண்டு கிலோ பச்சை ஏலம் எடுத்த கை.

பந்து வாங்கி அமுக்கச் சொன்னாள். நூற்றிருபது ரூபாய்.
சப்பாத்தி மாவே போதுமென்று விட்டேன்.
மாவில் ஐந்து விரலும் பதியும்,
சுண்டுவிரல் குழி மட்டும் ஆழமில்லை.
நான் பிழிந்த துண்டு
கொடியில் கிடந்தும் சொட்டும்.
பாவாடை நாடா இடக்கையும் பல்லுமாக.
ரவிக்கைக்குப் பக்கத்து வீட்டு ரெபேக்காள் வரவேண்டும்.
மாட்டிக்கொண்டே மாமியார் கதை சொல்வாள்.
கொக்கி ஐந்துதான், கதை பெரிது.

ஏலக்காய் வலுவைக் கேட்பதில்லை.
விளைந்த காய், விரல் தொட்டாலே வந்துவிடும்.
வலுவைக் கேட்பது ஜீப்புக் கம்பி.
திரும்ப ஏறிய அன்று இடக்கையால்தான் பிடித்திருந்தேன்.
ஒன்பதாவது வளைவில்
வலக்கை தானாகப் போய்ப் பற்றிக்கொண்டது.
நான் சொல்லவில்லை.
எஸ்டேட் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு
விரல் ஒவ்வொன்றாக
நானேதான் பிரித்தெடுத்தேன்.

ராத்திரி கடைசியாகப் பாத்திரம் கழுவுவது நான்.
மாசியிலிருந்து என்னால் குழாயை இறுக்க முடியாமல்
அடியில் குடம் வைத்துவிட்டுத் தூங்குவாள் நிரோஷா.
அன்றைக்கு என்னவோ தூக்கம் வரவில்லை.
ஏதோ குறைகிற மாதிரி இருந்தது,
என்னவென்று பிடிபடவில்லை.

விடிந்ததும் கொல்லையிலிருந்து கத்துகிறாள்:
"யாரும்மா இதை இப்படி முறுக்கி வச்சது?
தொறக்கவே முடியல!"