மூன்றாவது ஆள்

ஸ்காபரோ, எக்ளிண்டன் கிழக்கு.
சலவைக் கடைக்குப் பக்கத்தில் நான் போன் திருத்துகிறேன்.
சுகிர்தா கையுறையைக் கழற்றாமல் கேட்டாள்:
"தங்கச்சிக்கு எழுதுறதெல்லாம்
அவருக்கு எப்பிடித் தெரியுது?"

செயலியில் பூட்டுப் படம் பூட்டியபடிதான்.
வழியில் எவனும் உடைக்கவில்லை.
இணைத்த கருவிகளைத் திறந்தேன்:
ஒரு மடிக்கணினி,
கடைசியாக விழித்தது காலை ஆறு பன்னிரண்டு.
"அது எங்கட குசினி மேசையில கிடக்கிறது."

"வெட்டி விடட்டோ?"
வேண்டாமென்று விரலை உயர்த்தினாள்.
நின்றபடியே தங்கச்சிக்குத் தட்டினாள்:
"வேலை முடிய ஒன்பதாகும். பிறகு நேரே வீடுதான்."
தங்கச்சி பார்த்ததும் கோடு நீலமானது.
மற்ற ஆள் பார்த்தால்
ஒரு கோடும் விழாது.

பத்து டொலர் நீட்டினாள், நான் வாங்கவில்லை.
வாசலில் விட்டிருந்த பெட்டியை இழுத்தாள்.
உடைந்த சில்லொன்று
உப்புப் பனியில் சிக்கிச் சிக்கி
பஸ் தரிப்பிடம் வரை கோடு போட்டது.