வாசல் கல்லில் இல்லாதது

பாதுவா. ஜூன்.
மருந்துச் செடித் திருடர்களுக்கென்றே
என்றோ வட்டமாக எழுப்பிய மதில்.
வாசலில் லத்தீனில் ஒரு கல்:
தண்டை முறிக்காதே, பூவைப் பறிக்காதே,
விதையோ வேரோ கொண்டுபோகாதே.
மீறினால் அபராதம், சிறை, நாடுகடத்தல்.
என் சம்பளத்துக்கு முதலாவதே போதும்.

நான் இங்கே குழாய் பிடிக்கிறவன்.
பதினோரு மணிக்குப் பேராசிரியர் பிரெசானின்
முதலாண்டு மருந்தியல் பிள்ளைகளோடு வந்தார்.
கம்பளி டிஜிட்டாலிஸ் பாத்தி.
பழுப்பு நரம்போடிய மங்கல் பூக்கள்
காய்ச்சல்காரன் டாக்டரிடம் நீட்டுவதுபோல்
வெள்ளை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன.
"இது இதயத்தை என்ன செய்யும்?"
ஒருவன் பெயர்ப்பலகையைப் படித்து
ஒப்பேற்றப் பார்த்தான்.

"அரை மாத்திரை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.
நாடி அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது."

திரும்பினோம்.
டிக்கெட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்த
ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து இருக்கும்.
செடியிடம் பேசுவதுபோலச் சொன்னார்:
"பதினோரு வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன்.
இதன் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள், நல்ல சிரிப்புதான்.
அம்மாளும் சிரித்தார். பிறகு,
"கடைசி மாதம் எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறது என்றார்,
சுவர், தட்டு, என் கைகூட.
நான் சமையலறை பல்பை மாற்றினேன்."

ஒன்பது ஜூன்களாகக் கேட்கிறேன்,
பிரெசானினின் அடுத்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்:
அளவு மிஞ்சினால், பிள்ளைகளே,
உலகம் மஞ்சளாகும்.
அவர் வாயைத் திறந்தார்.
முன்வரிசைப் பெண் பேனாவைத் திறந்தாள்.
நான் குழாயைத் திறந்தேன்,
முழு வேகத்தில், சரளைப் பாதை மேல்.
காலணி நனையக் கத்திக்கொண்டு
ஊமத்தைப் பாத்திப் பக்கம் ஓடினார்கள்.
பேராசிரியர் என்னைப் பார்த்தார்.
திட்டவில்லை.

அம்மாள் மட்டும் நகரவில்லை.
"பூவுக்குள் ஒரு வண்டு போயிருக்கிறது" என்றார்.
வந்துவிடும் என்றேன்.
வந்தது. மகரந்தம் அப்பிய முதுகோடு
பக்கத்துப் பூவுக்குள் புகுந்தது.

மாலையில் களை எடுக்கக் குனிந்தபோது
தண்டோடு ஒட்டி
அரை மாத்திரை ஒன்று,
கத்தியால் வெட்டிய விளிம்பு கொஞ்சம் உதிர்ந்து.
எந்த ராத்திரியினுடையதோ.

எடுத்துப்போனால் நாடுகடத்தும் கல்
வைத்துப்போவதைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.
அன்று எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் விட்டேன்.
அதற்கு மட்டும்
மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.
ராத்திரி மழை பெய்தது.