செருப்போடு வளவுக்குள்

வெறும் வயிற்றில் இருநூற்று அறுபத்தெட்டு.
காரைக்குடி டாக்டரம்மா
இரும்புக் கவை ஒன்றைத் தட்டி
என் பெருவிரலில் வைத்தார். அதிருதா?
அதிருது என்றேன்.
அவர் அதை எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

நடங்க, தினம் முக்கால் மணி நேரம்.
வெறுங்கால் மட்டும் கூடாது,
வீட்டுக்குள்ளேயும்.

பள்ளத்தூரில் நாற்பத்தொன்பது வயது ஆம்பளை
கையை வீசி நடந்தால்
என்ன அவசரம் என்பார்கள்.
பதில் சொன்னால் எனக்கு முன்னால்
வியாதி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.
இரண்டு நாள் ஊருணியைச் சுற்றினேன்.
மூன்றாம் நாள் கையில் மஞ்சப்பையோடு சுற்றினேன்.
பைக்குள் நேற்றைய பேப்பர்.

என்னிடம் ஒரு சாவிக்கொத்து உண்டு.
கோலாலம்பூர்க்காரர்கள் வீடு.
வெள்ளிக்கிழமை விளக்கேற்ற, வௌவால் விரட்ட,
மழைக்கு ஓடு பார்க்க
மாதம் ஆறாயிரம்.
முகப்புக் கதவு ஒரு தெருவில் திறக்கும்,
பின்கதவு அடுத்த தெருவில்.
இடையே என் காலுக்கு
நூற்று எண்பத்தாறு எட்டு.
விடியுமுன் போய்
உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன்.

செருப்புதான் இடித்தது.
இருபத்திரண்டு வருஷம்
அந்த நிலைக்கு வெளியே கழற்றிய கால்.
உள்ளே மாலை போட்ட படத்தில்
ஏழு பேர் பார்க்கிறார்கள்.
போன் போட்டேன்:
எம்.சி.ஆர். செருப்புண்ணே, மெத்துனு இருக்கும்,
புதுசு, தெருவுல போட்டதே இல்ல.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்,
உனக்கு எவ்வளவு?
சொன்னேன்.
எனக்கு முந்நூத்திப் பத்து.
நட, அடைக்கலம்.

ஆட்டோ சேவுகனுக்குப் பிரஷர்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு வருவான்,
பற்றவைக்கத்தான் மாட்டானாம்.
டெய்லர் சீனி முகமது
பேர்லயே இருக்கு, எங்கிட்டுப் போய்க் குறைக்க என்பார்.
ஒருவர் பின் ஒருவராக
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி,
திரும்பி
அடுப்படி, இரண்டாங்கட்டு.
முதல் பத்து நாள் மூச்சு மட்டும்.
பிறகுதான் தெரிந்தது
முன்னால் போகிறவன் முதுகிடம்
எதையும் சொல்லலாமென்று.
பொண்டாட்டி பக்கம் திரும்பிப் படுத்து
மூணு வருஷமாச்சு என்றான் சேவுகன்,
மூன்றாம் தூணைத் தாண்டும்போது.
அடுப்படி வரை யாரும் பேசவில்லை.
திரும்புகையில் சீனி சொன்னார்,
எனக்கு அஞ்சு.

வைகாசியில் கோட்டையூர்க் கல்யாணம்.
கந்தரப்பம் ஆறு தின்றேன்,
சமையல் கொட்டகைக்குப் பின்னால், நின்றுகொண்டே.
மறுநாள் அவர்கள் போன பின்னும்
நடந்துகொண்டே இருந்தேன்.
கத்தரிக்கோலை மறந்துவிட்டேன் என்று
திரும்பி வந்த சீனி
என்னைப் பார்த்தார்.
எதையும் தேடாமல் போனார்.

என் தட்டில் இட்லி மூன்றானது.
நாலாவதைத் தெய்வானை
தன் தட்டில் போட்டுக்கொண்டாள், வீணாகக் கூடாதென்று.
அவளுக்கு யார் ரத்தம் பார்ப்பது என்று
எனக்குத் தோன்ற ஐந்து மாதம் ஆனது.
இதை முதுகிடம்கூட
நான் இன்னும் சொல்லவில்லை.
வருகிற திங்கள்கிழமைக்கு
இரண்டு டோக்கன் சொல்லி வைத்திருக்கிறேன்.

சீனியின் டேப் என் இடுப்பில்
நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தொன்பது.
பேன்ட்டைப் பிடிக்கக் கூலி வாங்கவில்லை,
பிரித்த துணியை உள்ளேயே மடித்துத் தைத்திருக்கிறார்.
எதுக்கு?
கெடக்கட்டும், மனுசன்தானே.

இன்றைக்கு வளவில் மழைத் தண்ணீர்.
ஓரமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.
இங்கே ஐந்து மணி.
அங்கே ஏழரை, நமக்கு எப்பவும் ஏழரைதான் என்றார்.
ஸ்பீக்கரில் போட்டு
தூணடியில் வை.
வைத்தேன்.
எங்கோ பதினெட்டாம் மாடி வராந்தாவில்
ஒரு செருப்பு
சரக் சரக்கென்று கிளம்பியது.
நாங்கள் மூன்று பேரும்
அந்தச் சத்தத்துக்குக் கால் மாற்றிக்கொண்டோம்.
இரண்டாம் சுற்றில்
அவருக்கு மூச்சு வாங்குவது
வீடெங்கும் கேட்டது.

மெதுவாண்ணே, என்றான் சேவுகன்,
அவரைப் பார்த்தே இராதவன்,
திருப்பத்துல பாத்து.