பதினைந்து குதிரைவலு

எட்டாம் வாட்டில், வேப்பமரம் தெரியும் கட்டிலில்
குணசிங்கம் செத்துப்போனான்.
அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னம்
போதகர் குனிந்து ஏதோ கேட்டாராம்,
அவன் தலையை ஆட்டினானாம்.
அவ்வளவுதான்.
அதற்குப் பெயர் இரட்சிப்பு.

அவன் யாரென்று என்னிடம் கேளுங்கள்.
பதினாலு வருஷத்துக்கு முன்னம், வாடை அடித்த ஓர் இரவில்
எங்கள் வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றி
மூதூரில் விற்றவன்.
பதினைந்து குதிரைவலு. புதுசு.
கடன் முடிய இன்னும் பத்தொன்பது தவணை.
எஞ்சின் இல்லாமலே பத்தொன்பதையும் கட்டினோம்.
இவர் கடலை விட்டுச் சீனக்குடாவில்
மா மூட்டை தூக்கப் போனார்.
பின்னேரம் வீடு வந்தால்
இமை மயிரெல்லாம் வெள்ளை.
முகம் கழுவிய பிறகும் காதுமடலில் கொஞ்சம் மிஞ்சும்.

நானோ
இருபத்தாறு வருஷம் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவள்.
தசமபாகத்தில் ஒரு சதம் பிசகியதில்லை.
வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர் மட்டும்.
சண்டைக் காலத்தில் ஊரே நிலாவெளிப் பக்கம் ஓடியபோது
ஆலயத்தின் வெள்ளித் தட்டை
அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையோடு ஓடியவள்.
எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.
சொல்ல வெட்கம்தான், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு அந்தக் கொப்பியைத் திறந்து
மேசையில் வைத்தேன், அவர் பார்க்கட்டும் என்று.
இவனுக்கும் எனக்கும் ஒரே கதவென்றால்
கதவு என்னத்துக்கு?
மின்விசிறி மட்டும் டக், டக் என்றது.

சேமக்காலைக்குப் போகமாட்டேன் என்றேன்.
போனேன்.
எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணத்தான்.
ஒன்பது பேர்.
பத்தாவது, அவனுடைய மகள்,
பாடசாலைச் சப்பாத்தோடு, ஒரு கால் நாடா அவிழ்ந்து.
அவள் போதகரிடம் கேட்கவில்லை.
என்னிடம் வந்தாள்.
"அன்ரி, அப்பாவை உள்ள விடுவினமா?"

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.
இல்லை என்று சொல்ல வாய் இருந்தது.
இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன பதில்
குறுக்கே மீன்முள்ளாய்க் கிடந்தது.
"விடுவினம்."
"அவர் நல்லதொண்டும் செய்யேல்லையே?"
"தெரியும்."
"அப்ப எப்பிடி?"
"செய்யச் சொல்லிக் கேக்கேல்ல, பிள்ளை.
கையைப் பிடிக்கச் சொன்னார். பிடிச்சிட்டார்."
நாடாவைக் கட்டிவிடக் குனிந்தேன்.
அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்,
மண்வெட்டித் தூசி.

நாங்கள் திரும்பும்போதே
ஒரு புள்ளிமான் வந்து
மலர்வளையத்தைத் தின்னத் தொடங்கியிருந்தது.
ஒருவரும் விரட்டவில்லை.
கோட்டை வாசலிலிருந்து கடைத்தெரு வரை
இந்த ஊரில் மானை ஒருவரும் விரட்டுவதில்லை.
நடுத்தெருவில் படுத்தாலும் ஓட்டோ காத்து நிற்கும்.
பால் தராது, வண்டி இழுக்காது.
எங்களிடம் அது எதற்கு வந்து வாழ்கிறதென்று
நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஞாயிறு.
நற்கருணைக்கு முழந்தாளிட்டேன்.
எனக்குப் பக்கத்தில் அவனுடைய மனைவி.
முதல் தடவை, கையை எப்படி வைப்பதென்று தெரியாமல்
என் கையைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
கயிறு அறுத்த தழும்பு, ஊசி குத்திய விரல்,
நடுவில் ஒன்றுமில்லை.
இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு
கொப்பியைப் பிடித்திருக்க முடியாது.

அப்பம் சிறுதுண்டு.
இவர் சுமந்த மாவாகவும் இருக்கலாம்.
கடலைவிட்ட அந்த வருஷங்கள் முழுக்க
என் நாக்கில் கரைந்தன,
உப்பில்லாமல்.

எஞ்சினை நினைத்தால் இன்னும் எரிகிறது. பொய் சொல்லமாட்டேன்.
கொப்பியையும் நான் கிழிக்கவில்லை,
பாதித் தாள் மிச்சம்.
புதுப் பக்கத்தில் வருகைப் பதிவு தொடங்கினேன்:
குணசிங்கம் நிதுர்ஷா, ஒன்பது வயது.
வந்தாள்.