வில்லங்கம்

வில்லங்கம் இல்லாத காணி என்று
பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.
முப்பது வருடத்துப் பதிவைத் தேடிப்
பண்டாரவளைக் கந்தோரில் இரண்டு நாள் குந்தியிருந்தேன்.
இன்று அதே படியேறி
ஒரு வில்லங்கம் வேண்டும் என்று நிற்கிறேன்,
எவராலும் நீக்க முடியாத ஒன்று.

விதானகே நொத்தாரிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
அவருடைய தமிழுக்கும் என்னுடைய சிங்களத்துக்கும் நடுவில்
ஒரு ஏக்கர், இரண்டு ரூட், பதினொரு பேர்ச்.
தேயிலை முடிந்து கல் தொடங்கும் இடம்.
கீன மரம், நெலுப் புதர்,
மூக்கில் கொம்பு வைத்த ஓணான்,
அட்டை ஏராளம்.

குவைத்தில் பதினொரு வருடம்
அடுத்தவள் வீட்டுத் தரையில் முகம் பார்த்த காசு.
லீக்ஸ் போடத்தான் வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.
கத்தியோடு ஏறிய அந்த மாசி
தோட்டத்துக் குழாய்கள் எல்லாம் காற்றைத் துப்பின.
என் காட்டுக்கு அடியில் மட்டும்
கறுப்புக் குழாய் ஒன்று
விரல் தடிப்பில் ஒழுகிக்கொண்டிருந்தது,
முன்னால் நாற்பத்திரண்டு வாளி.
கத்தியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கலாம், என்றார்.
ரோட்டுக்கு வேண்டுமென்று அவர்களே வெட்டினால்?
மேசையிலிருந்த பேனையை நேராக்கினார்.
நம்பிக்கைப் பொறுப்பு அமைக்கலாம், ஐந்து பேர் வேண்டும்.
எண்ணிப் பார்த்தேன்,
மூன்றாவது ஆளிலேயே சந்தேகம் வந்தது.
மகனுக்கு எழுதி, விற்காதே வெட்டாதே என்று கட்டலாமே?
சட்டம் இப்போது விடாது, என்றார்,
செத்த கை காணியைப் பிடித்திருக்கக்கூடாது.

டிலுக்ஷன் ஏற்கெனவே போனில் படம் காட்டியிருக்கிறான்:
பலகை ரூம், மேகத்தைப் பார்த்த கட்டில்,
ஓர் இரவுக்கு, நான் ஒரு மாதம் துடைத்து வாங்கியது.
கணக்கில் அவன் பிழைவிடவில்லை.

தேத்தண்ணி ஆறும்வரை யோசித்துச் சொன்னார்:
மேல் காணி கீழ்க் காணிக்குப் பட்ட கடன் என்று எழுதலாம்.
ஊற்றை மூடாதே, மரத்தைத் தொடாதே.
கை மாறினாலும் கடன் காணியோடு போகும்.
கீழே யாருடைய காணி?

கீழே லயம்.
கூரையில் கல் வைத்த இரண்டு வரிசை, பத்துப் பத்துக் காம்பரா.
யாருடைய காணி?
நான் பிறந்தது நாலாம் காம்பரா.
இருநூறு வருடம், மஹத்தயா,
ஒரு பேர்ச்சுக்கு உறுதி கிடையாது.
அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார்.
காணிக்குத்தான் காணி கடன்படும், அம்மா.

ஹல்துமுல்லை வரும்வரை வாய் திறக்கவில்லை.
வளைவுக்கு வளைவு யாரோ வாந்தி எடுத்தார்கள்.
இறங்கிய கையோடு போன் எடுத்தேன்:
காட்டின் கீழ் மூலை,
குழாய் வந்து விழும் இடம், வாளி வைக்கும் கல்,
நாலு பேர்ச் அறுத்து எடுங்கள்.
தண்ணீர்ச் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள்,
பூரணம் தலைவி, கையெழுத்துப் போடுவாள்.
மீதி முழுவதும் அந்த நாலு பேர்ச்சுக்குக் கடன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு,
துண்டு சிறிது, பிரதேச சபை மல்லுக்கட்டும், என்றார்.
கட்டட்டும்.

வியாழக்கிழமை அளவைக்காரர் வந்தார்.
தூறலில் நாலு மூலைக்கும் நாலு கல்.
டிலுக்ஷன் அவருக்குக் குடை பிடித்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
பூரணம் வாளியைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்தாள்,
எடுத்தாள்,
மறுபடி அங்கேயே வைத்தாள்.