நாக் ஆஃப்

நாக் என்றால் தட்டு.
ஆஃப் என்றால் அணை, விளக்கை அணைப்பது போல.
இரண்டும் தெரியும் எனக்கு
என்றுதான் நினைத்திருந்தேன்,
பொங்கோலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்.

மாலை ஏழு மணி. ஆறாம் மாடி.
"நாக் ஆஃப்! நாக் ஆஃப்!"
கையை வீசிக் கத்தினார் ஆ ஹோக்.
சுத்தியலை எடுத்தேன்.
மத்தியானம் நானே அடித்த ஷட்டரிங் பலகைகளை
ஆணி ஆணியாய்த்
தட்டிக் கழற்றத் தொடங்கினேன்.

நாலாவது பலகை விழுந்த சத்தத்தில்
லாரியில் ஏறி உட்கார்ந்திருந்த ரஃபிக்
தலையில் கை வைத்தான்.

திரும்ப அடித்து முடிக்க நாற்பது நிமிஷம்.
கீழே லாரி உறுமிக்கொண்டிருந்தது.
டார்ச் பிடித்தபடி நின்ற ஆ ஹோக்
திட்டவில்லை,
சிரித்துச் சிரித்து இருமினார்.

"வீட்டுக்குப் போ. அவ்வளவுதான் அர்த்தம்,"
வழியில் ரஃபிக் சொன்னான்.
வீடு என்று அவன் சொன்னது
துவாஸ் விடுதியின் பன்னிரண்டு கட்டில் அறையை.
அங்கே கதவைத் தட்டுவாரும் இல்லை.
அணைப்பாரும்.

ராத்திரி இளவரசிக்குப் போன் போட்டேன்.
கதையை ஆரம்பிக்குமுன் அவளே கேட்டாள்,
"வேலை விட்டாச்சா?"
"விட்டாச்சு."

பின்னால் மாமனார் குரல் பதறியது:
"என்னது, விட்டுட்டானா?
ஏஜெண்டுக்குக் கட்டின ரெண்டரை லட்சம்?"

தமிழ்தான்.
அதே சொல், அதே வாய்.

"இன்னைக்கு மட்டுந்தான் மாமா," என்றேன்.
"காலையில அஞ்சுக்கு லாரி."