ஏழாவது கேள்வி

ஆயர் இல்லத்திலிருந்து ஒரு படிவம்.
ஏழாவது கேள்வி:
உங்கள் பங்கில் பாவசங்கீர்த்தனம் எந்நேரம்?
பதிலுக்கு இரண்டு அங்குலக் கோடு.

சனிக்கிழமை நாலு தொடக்கம் ஐந்து என்று எழுதினேன்.
எனக்கு முன் இருந்தவரும் அதையே எழுதியிருப்பார்.
செல் விழுந்து பாதி போன சுவரைத்
திரும்பக் கட்டியபோதும்
அதே நேரத்தைத்தான் அதில் திரும்ப எழுதினார்கள்.

சனி நாலு மணிக்கு
முதிரைப் பலகைத் தொட்டிக்குள் இருக்கிறேன்.
குளவி ஒன்று மண் கொண்டுவருகிறது, போகிறது.
அந்நேரம் கரைவலை இழுபடும்.
காமென்ட் பஸ் இன்னும் வந்திராது.
அறுவடை மெசின் யாருடைய வயலில் நிற்கிறதோ
அவருக்கு அன்று கிழமை கிடையாது.
வருகிறவர்கள் மூன்று பேர்,
கோவில் மதிலோடு வீடு உள்ளவர்கள்.

கேட்டவை என்னுடையவை அல்ல,
அவற்றுக்குப் பூட்டு உண்டு.
நேரங்களும் அந்தப் பூட்டுக்குள்தானா என்று தெரியவில்லை.
நேரங்களை மட்டும் சொல்கிறேன்.

விடியப்புறம் இரண்டே முக்கால்.
தள்ளுவதற்கு நின்ற படகின் ஓரம்
மண்ணெண்ணெய் மணக்கும் கை ஒன்று சிலுவை போட்டது.
மற்ற இருவரும் எட்டிப் போய்
கடலைப் பார்த்து நின்றார்கள்,
கேட்காத மாதிரி அல்ல, கேட்காமலே.

ஐந்தே கால், பஸ் வரும் சந்தி.
ஒருத்தி தொடங்கினாள், வளைவில் வெளிச்சம் தெரிந்தது.
“மிச்சம் நாளைக்கு, பாதர்.”
மிச்சத்துக்கு நாலு விடியல் சென்றது.
பாவமன்னிப்புச் சொல்லச் சொல்ல
கண்டக்டர் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

கடன் குழு கூடும் வெள்ளிக்கிழமைகளில்,
கூட்டத்துக்கு முன் பத்து நிமிசம்.

இன்னொருவர்.
மூன்று தவக்காலமாய்ப் புளியடிக்கு வருவார்.
மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்,
எஞ்சினை நிறுத்தமாட்டார்.
போன வருசம் ஒரு சனி, நிறுத்தினார்.
ஐந்து மணி ஐந்து நிமிடம்.
நான் தொட்டியைப் பூட்டி, ஸ்டோலை மடித்து,
முள்ளியவளையில் புது ஓட்டோ ஒன்று மந்திரிக்கக்
கிளம்பியிருந்தேன்.
“அடுத்த சனி நாலு மணிக்கு வாங்கோ.”
மணிக்கூட்டையும் காட்டினேன்.
தலையாட்டினார்.
இரண்டு விரல் இல்லாத கையால்
ஹெல்மெட் வாரைக் கொழுவ அவர் எடுத்த நேரத்தில்
ஒரு மனிதன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கலாம்.
பிறகு வரவில்லை.
புளியடியில் எண்ணெய்க் கறை இருக்கிறது.

அதைச் சொல்ல எனக்கும் ஒரு தொட்டி வேண்டும்.
அயல் பங்குகளின் அறிவிப்பைப் பார்த்தேன்:
சனி நாலு தொடக்கம் ஐந்து,
எல்லா இடமும்.
ஒரே மணித்தியாலத்தில்
தனித்தனிப் பெட்டிக்குள்
நாங்கள் எல்லோரும் காதை வைத்துக்கொண்டு.

மாங்குளம் பக்கம் பஸ்தியான் சுவாமிக்குப் போன் எடுத்தேன்.
இரவு ஒன்பதரை.
“இப்ப வா” என்றார்.
ஒட்டுசுட்டான் தாண்ட ரோட்டில் யானை.
விளக்கை நூர்த்துவிட்டு,
அது காட்டுக்குள் போகும்வரை
என் பாவங்களைப் பெரிது சிறிதாய் அடுக்கினேன்.
சாரத்தோடு வந்து கதவைத் திறந்தவர்
“சாப்பிட்டியா?” என்று கேட்டபிறகுதான்
ஸ்டோலைத் தேடத் தொடங்கினார்.

வந்து, படிவத்தில் ‘ஐந்து’ என்பதை வெட்டினேன்.
பிறகு ‘நாலு’.
‘சனி’ கிடக்கட்டும் என்று பார்த்து,
அதையும்.
கோட்டில் இடமில்லை.
ஓரத்தில் என் போன் நம்பரை எழுதி அனுப்பிவிட்டேன்.

இப்போது பக்கக் கதவுக்கு மேல்
ஒரு பல்ப் விடிய விடிய எரிகிறது.
புளியடி வரை வெளிச்சம் போகும்,
நடந்து பார்த்தேன்.

பங்குச் சபையில் பொருளாளர் நீக்கிலாப்பிள்ளை
கரண்ட் பில்லை மேசையில் விரித்தார்.
ஏன் பாதர் இவ்வளவு?
வளவுக்குள் பாம்பு, என்றேன்.

பொய்.
மாங்குளத்துக்கு இன்னொரு பயணம்.